கடலில் களை எடுத்தவள்

நான் அக்கராயன்காரி, வயல் ஊர்க்காரி. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் எப்படிப்பட்டவள் என்று அறிய அவளுடைய முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அவள் வீட்டு வயலைத்தான் பார்ப்பார்கள். நெல்லுக்குள் கோரை தலை நீட்டி நின்றால் முடிந்தது கதை, அந்த வீட்டுப் பெண்கள் சோம்பேறிகள். அதனால் களை கண்ட இடத்தில் என் கை தானாகக் கீழே போய்விடும். பள்ளிக்கூட முற்றத்தில் அதிபர் பேசிக்கொண்டிருக்கும்போதே குனிந்து புல்லுப் பிடுங்கி, அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். இந்த வியாதியோடுதான் முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்குக் கலியாணம் கட்டிப் போனேன்.

இதில் பெரிய வெட்கக்கேடு என்னவென்றால், நான் விஞ்ஞான ஆசிரியை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள். தரம் ஒன்பதுக்கு உணவுச் சங்கிலி, உணவு வலை எல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பிக்கிறவள். என் அம்புக்குறிகள் அழகாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பும் உண்டு. அந்த நினைப்போடு நான் செய்த வேலையைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் பெருங்கடல், பின்னால் களப்பு. களப்பை இங்கே சிறுகடல் என்பார்கள். என் கணவர் பெருங்கடலுக்குப் போகிறவர். அவருடைய அப்பா, என் மாமாவும் ஒரு காலத்தில் அப்படித்தான். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன பிறகு, இனிப் படகில் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு மிஞ்சியது சிறுகடலும், ஒரு வீச்சுவலையும், இடுப்பில் கட்டுகிற ஓலைப் பறியும்தான். காலையில் வீட்டுக்குப் பின்னால் முழங்கால் தண்ணீரில் இறங்குவார். வலையை வீசுவார். இறால், நண்டு, ஓரா மீன், திரளி மீன் என்று கிடைத்ததைப் பறியில் போட்டுக்கொண்டு வருவார். கணவர் பிடிக்கிற மீன் விற்பனைக்கு. வீட்டுச் சட்டிக்குள் போவது மாமா கொண்டுவருவது மட்டும்தான். மாமி தேங்காய் திருவி, புளி கரைத்து வைத்துவிட்டு அவருக்காகக் காத்திருப்பார். இந்த ஒழுங்கு எங்கே எழுதியும் இல்லை, ஆனால் திருப்பலி நேரத்தை விடக் கண்டிப்பானது. கறி கொண்டுவராத நாளில் மாமா சாப்பிட உட்காரவே மாட்டார். பசிக்கவில்லை என்பார். சும்மா பொய்.

ஒருநாள் களப்புக்குள் அவர் விழுந்துவிட்டார். தண்ணீருக்கு அடியில் நாடா நாடாவாக வளர்ந்து கிடக்கிற கடற்புல், நாங்கள் சாதாளை என்று சொல்கிறது, அவருடைய காலில் சுற்றிவிட்டது. நல்ல காலம், பெரிதாக ஒன்றும் இல்லை, முழங்கை மட்டும் உரசல். ஆனால் கணவர் பிடித்த பிடியில் நின்றார்.

"அப்பா, இனி இறங்க வேண்டாம். இறங்கினது காணும்."

மாமா பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் போட்டு, களப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அடுத்த நாளும் அங்கேயே இருந்தார். சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நாய்க்கு வைத்தார். நாய் பெருத்தது, மனுசன் மெலிந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவருக்கு மீன் முக்கியமில்லை. இந்த வீட்டுக்குத் தான் இன்னும் வேண்டும் என்பதுதான் முக்கியம். அது போனால் அவர் கனநாள் இருக்க மாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் மாமி ஒரு சமாதானம் செய்தார். வீட்டுக்கு நேர் பின்னால், குசினி யன்னலால் தன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் இறங்கலாம். அங்கால் இங்கால் போகக்கூடாது. கணவர் அப்போதும் தலையை ஆட்டவில்லை.

"அந்தப் புல்லு திரும்பவும் காலில சுத்தும்."

"புல்லுத்தானே பிரச்சினை? அதை நான் பாக்கிறன்," என்றேன் நான். வீட்டில் எல்லாரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

மாதா கோயில் பெருநாள் வந்தது. மாமா வீட்டார் வேதக்காரர், நாங்கள் சைவம், ஆனால் பெருநாளுக்கு அம்மா ஒருமுறையும் வராமல் விட்டதில்லை. அந்த முறை வான் வண்டி பிடித்துக்கொண்டு, சித்தியையும் எங்கள் வயலில் களை எடுக்கிற இரண்டு மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு, அரிசி மூட்டையும் கத்தரிக்காயுமாக வந்திறங்கினார். வந்தவர் பின்பக்கம் போய்க் களப்பைப் பார்த்தார். தண்ணீர் தெளிந்து கிடந்தது. அடியில் பச்சைப் பசேல் என்று புல்.

"இதென்ன பிள்ளை, இவ்வளவு களையை விட்டு வைச்சிருக்கிறியள்? பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

விலங்கியல் படித்தவள் வாயைத் திறக்க வேண்டிய இடம் இதுதான். திறந்தேன்.

"நானும் அதைத்தான் சொல்லுறன் அம்மா," என்றேன்.

அடுத்த நாள் காலை நாங்கள் இறங்கினோம். உடுப்பை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, வயலில் நிற்பது போலவே வரிசையாக நின்று, குனிந்த குனிப்பில் முன்னேறினோம். அக்கராயன் பெண்களின் கைவேகத்தைப் பற்றி நான் சொல்லக்கூடாது, கண்பட்டுவிடும். சேற்றுக்குள் ஓடுகிற வேர் மாலை மாலையாக வந்தது. பிடுங்கின புல்லுக்குள்ளிருந்து கண்ணாடி நிறத்தில் சின்னச் சின்ன உயிர்கள் துள்ளி எங்கள் கைகளில் விழுந்தன. நகத்தளவு நண்டுகள் ஓடின. சித்தி கத்தினார்.

"ஐயோ, இதென்ன கோதாரி, கடிக்குது!"

"பூச்சிதான் சித்தி, பயப்பிடாதேங்கோ," என்றேன்.

அவை இறால் குஞ்சுகள். பட்டம் பெற்ற நான் அவற்றைப் பூச்சி என்றேன்.

கரையில் ஊர்ச்சனம் கூடிவிட்டது. சிலர் சிரித்தார்கள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமி எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "மாதாவே, கடலுக்கே களை எடுத்துப்போட்டாள் என்ர மருமகள்," என்று பெருமைப்பட்டார். மத்தியானத்துக்குள் வீட்டுக்கு நேர் பின்னால் ஒரு பெரிய துண்டு துப்புரவாகிவிட்டது. அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் களப்போரத்துக் கண்டல் மரங்களுக்கு அங்கால் நாங்கள் போகவில்லை. பிடுங்கின புல்லையெல்லாம் உரப்பைகளில் அடைத்து வானில் ஏற்றி, தென்னைக்குப் போட அக்கராயனுக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவின் தென்னைகள் அந்த வருடம் நன்றாகக் காய்த்தன. உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

மாமா மெதுவாக இறங்கி அந்த வெள்ளை மணலில் நடந்து பார்த்தார். காலில் ஒன்றும் சுற்றவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல வேலை செய்தாய் பிள்ளை. கோயில் முற்றம் மாதிரிக் கிடக்கு."

கணவரும் ஒத்துக்கொண்டார். முதல் சில நாட்கள் பறி நிறைந்து வந்தது. நாங்கள் கிளறிவிட்ட சேற்றில் தீன் பொறுக்க மீன்கள் வந்திருக்கின்றன, வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆசிரியர் அறையில் இருந்து, பாரம்பரியத் தொழிலுக்கு அறிவியல் நோக்கு எவ்வளவு அவசியம் என்று மற்ற ஆசிரியைகளுக்கு விளக்கினேன். அவர்களும் பாவம், கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

பிறகு பறி குறையத் தொடங்கியது. பாதிப் பறி, பிறகு அடிப் பறி, பிறகு ஒரு நண்டு. காற்றடித்தால் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகக் கிடந்தது. முன்பு அப்படிக் கலங்குவதில்லை. மாமா முதலில் வலையில் குற்றம் கண்டார். ஈயக்குண்டுகளைக் கழற்றி மாற்றிக் கட்டினார். பிறகு காற்றில் குற்றம் கண்டார். மாமி முருங்கைக்காயோடு இரண்டு இறாலைப் போட்டுக் கறி வைத்து, "இண்டைக்கு எனக்கு மரக்கறி தின்ன ஆசையாக் கிடக்கு," என்றார். பிறந்த நாளிலிருந்து மரக்கறிக்கு ஆசைப்படாத மனுசி. மாமா அதைக் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். அவருக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் விளங்கின விதம்தான் பிழை.

ஒருநாள் வெறும் பறியோடு ஏறி வந்து, இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"வலை விரியுதில்லைப் பிள்ளை. கை போயிட்டுது."

"சும்மா இருங்கோ மாமா. நாளைக்குப் படும்."

"இல்லை. எனக்குத் தெரியும். வயது போனால் கைதான் முதல்ல போறது."

அந்தக் கிழமையே அவர் வலையைக் கழுவிக் காயவைத்துச் சுருட்டினார். கணவர் கடலால் வந்ததும் அதை அவருடைய காலடியில் வைத்தார்.

"தம்பி, இதை ஆருக்கும் குடு. சும்மா கிடந்து இத்துப்போகும்."

கணவர் வலையைப் பார்த்தபடி நின்றார். மாமி குசினிக்குள் போய்விட்டார். நான் அவருக்கு வழி துப்புரவாக்கிக் கொடுத்தேன், ஆனாலும் வயதை என்னால் தடுக்க முடியவில்லையே என்றுதான் அப்போது நினைத்தேன். அவ்வளவு மண்டூகம் நான்.

அன்று பின்னேரம் தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்த உட்கார்ந்தேன். நான் போட்ட கேள்விகள். அதில் ஒன்று: ஒரு களப்பிலுள்ள கடற்புற்கள் அகற்றப்பட்டால் அங்கு வாழும் ஏனைய உயிரினங்களுக்கு யாது நேரும்? விளக்குக.

எல்லாப் பிள்ளைகளும் சரியாக எழுதியிருந்தார்கள். நான் சிவப்புப் பேனையால் சரி, சரி, சரி என்று போட்டுக்கொண்டு போனேன். இலை உதிர்ந்து அழுகும், அழுகலைப் புழுக்கள் தின்னும், புழுக்களை இறால் தின்னும், இறாலை மீன் தின்னும். சரி. புல்லுக்குள் குஞ்சுகள் ஒளிந்திருக்கும். சரி. வேர் சேற்றைப் பிடித்து வைத்திருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் கலங்கும். மிகச் சரி. வகுப்பிலேயே ஆகக் கிறுக்கல் எழுத்துள்ள பிள்ளை, "எல்லாம் பட்டினி கிடக்கும் அல்லது வேறு இடம் போகும் ரீச்சர்," என்று எழுதியிருந்தது. அதற்கும் சரி போட்டேன். போட்டுவிட்டு யன்னலால் வெளியே பார்த்தேன். பழுப்புத் தண்ணீர். அந்தக் கோயில் முற்றம்.

பேனை கையிலிருந்து விழுந்தது.

என்னை நானே ஏசிய ஏச்சை அச்சில் போட முடியாது. பிளாந்தன் என்று பாடப்புத்தகம் சொல்கிற, கண்ணுக்குத் தெரியாத பச்சைத் தூசி பெருங்கடலுக்குச் சோறு போடுகிறது என்று நான் பக்கம் பக்கமாகப் படிப்பித்திருக்கிறேன். சிறுகடலுக்குச் சோறு போட்டது அந்தப் புல். இலை உயிரோடு இருக்கும்போது ஓரா மேயும். இலையில் படிகிற பாசியை நத்தை வழிக்கும். இலை செத்தால் மற்றதெல்லாம் தின்னும். பெருங்கடலில் பொரிக்கிற இறால் தூசியளவில் முகத்துவாரத்தால் உள்ளே வந்து, இந்தப் புல்லுக்குள் தவழ்ந்து வளர்ந்து, திரும்பிப் பெருங்கடலுக்குப் போகும். என் கணவரின் வலையில் படுகிற இறாலும் சின்னனில் எங்கள் குசினிக்குப் பின்னால் வளர்ந்ததாக இருக்கலாம். களை என்று நான் பிடுங்கியது பயிரை. அதையும் ஆள் கூட்டி, தேத்தண்ணீர் கொடுத்துப் பிடுங்கியிருக்கிறேன்.

ஓடிப்போய் மாமாவின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"மாமா, உங்கட கை போகேல்லை. நான்தான் மாமா. நான் புல்லைப் பிடுங்கினதாலதான் ஒண்டும் படுதில்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். அழுகிற இலை, புழு, குஞ்சு, நண்டு. மண்ணில் விரலால் அம்புக்குறியும் போட்டேன். மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"நீ நல்ல பிள்ளை."

"மாமா, நான் மெய்யாத்தான் சொல்லுறன்!"

"ஓம், ஓம். வகுப்பில ஏலாத பிள்ளைக்கும் நீ இப்பிடித்தான் சொல்லுவாய். கேள்விதான் பிழை, உன்ர மூளையில பிழையில்லை எண்டு."

எனக்கு விசர் பிடித்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை என் பிழையை நானாக ஒத்துக்கொள்கிறேன், அதையும் நம்ப ஆளில்லை! மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமியும், "நல்லாச் சொன்னாய் பிள்ளை, அவருக்கு ஆறுதலா இருந்திருக்கும்," என்றார். கணவரிடம் சொன்னேன். அவர் மட்டும் கொஞ்சநேரம் யோசித்தார். யோசித்துவிட்டு, "இருக்கலாம்," என்றார். கடலுக்குப் போகிற ஆட்கள் அப்படித்தான், ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை சுருட்டிக் கிடந்த வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

"எழும்புங்கோ. கண்டலுக்கு அங்கால போவம். நீங்கள் இறங்க வேண்டாம், கரையில இருந்து பாருங்கோ."

"ஆர் வீசப்போறது?"

"நான்."

கனநாளுக்குப் பிறகு அவர் சிரித்தார். மாமியும் சிரித்தபடி அனுமதி தந்தார். நான் வீசுவதைப் பார்க்க நாயும் வந்தது.

கண்டல் மரங்களுக்கு அப்பால் அம்மாவின் இடுப்பு காப்பாற்றிவிட்ட புல் அப்படியே கிடந்தது. மாமா ஒரு பழைய வள்ளத்தின் விளிம்பில் இருந்தார். நான் இறங்கினேன். வீச்சுவலையின் ஒரு பகுதியைக் கையில் மடித்து, ஒரு தொங்கலைத் தோளில் போட்டு, ஓரத்தைப் பல்லால் கடித்து, உடம்பைத் திருப்பி வீச வேண்டும். சரியாக வீசினால் வட்டமாக விரிந்து விழும். நான் திருப்பினேன். வலை போனது, கூடவே நானும் போனேன். பல்லில் கடித்த ஓரத்தை விடுவிக்க மறந்துபோனேன். எழும்பிப் பார்த்தால் வலை விரியவே இல்லை, நனைந்த சேலையைச் சுருட்டி எறிந்த மாதிரிப் பொத்தென்று ஒரு பொட்டலமாகக் கிடந்தது. மாமா வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாய் குரைத்தது. உதட்டில் இரத்தம்.

வாய்க்குள் போன சேற்றைத் துப்பிக்கொண்டு வலையை இழுத்தேன். பாரமாக இருந்தது. கரையில் உதறினேன். இறால். கண்ணாடி நிறத்தில் துள்ளுகிற இறால்கள், ஒரு நண்டு, உள்ளங்கை அகலத்தில் ஓராக்கள். அந்த எறிதலுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை விழுந்திருந்தாலே அதிசயம்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இறால்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வள்ளத்திலிருந்து இறங்கி, என் கையிலிருந்த வலையைப் பறித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். முழங்கால் நோவையும் மறந்து நடந்தார். நான் பறியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

துப்புரவான மணலில் இறங்கி நின்று வலையை மடித்தார். அவர் வீசுவதை நான் ஒருநாளும் நின்று கவனித்ததில்லை, அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். உடம்பு ஒருமுறை திரும்பியது. வலை முழு வட்டமாக, ஒரு மூலை மடங்காமல், காற்றில் விரிந்து தண்ணீரில் படிந்தது. குசினி யன்னலில் மாமி நின்றார். அவரும் பார்த்தார். கை எங்கேயும் போகவில்லை.

இழுத்தார். ஒரு சிப்பி ஓடும் மணலும் வந்தன.

மாமா வெறும் வலையைப் பிடித்தபடி நின்றார். பிறகு மெல்லத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. வந்ததே ஏச்சு! அவ்வளவு காலமும் என்னைப் பிள்ளை, பிள்ளை என்று கூப்பிட்ட மனுசன்.

"விசர்ப்பெட்டை! உன்ர மண்டைக்குள்ள என்ன களிமண்ணோ? படிச்சனி எண்டு சொல்லிக்கொண்டு ஆக்களையும் கூட்டியந்து சாப்பாட்டை வழிச்செடுத்திருக்கிறாய்! நான் என்ர கை போயிட்டுதெண்டு செத்துப்போகப் பாத்தனான், தெரியுமே உனக்கு? செத்துப்போகப் பாத்தனான்!"

கடைசி வார்த்தைகளில் அவருக்குக் குரல் உடைந்தது. எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் என்ன செய்ய, அந்த ஏச்சைப் போல ஒரு இனிப்பான சாமானை நான் அதுவரை கேட்டதில்லை. ஏசட்டும், ஏசட்டும் என்று நின்றேன். ஊர்ச்சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

களைத்துப்போய் ஒருவாறு நிறுத்தினார். களப்பைப் பார்த்தார்.

"உது திரும்ப முளைக்குமோ?"

"முளைக்கும் மாமா. ஓரத்தில நிக்கிற வேர் மெல்ல மெல்ல உள்ளுக்கு ஓடிவரும். ஆனால் கனகாலம் செல்லும்."

"எவ்வளவு காலம்?"

"தெரியாது. சில வருசமாகலாம்."

மாமா வலையை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப அதுவரைக்கும் நான் சாகேலாது," என்றார். "உன்னை ஏச ஒரு ஆள் வேணுமெல்லே."